பதினோரு கல்

சென்னை
14.06.2024

ஷாஹி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். சளி விட்டது, அம்மாவிடம் சொல். அத்தாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்குது" என்பார். நீ உண்மையை எழுது.

காகிதத்தில் எழுதுவதன் காரணம் உனக்குத் தெரியும். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர். நீ பேசினால் நடுவில் அம்மா பேசுவார், கடையில் ஆணி வாங்க வந்தவர் பேசுவார். நான் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து நமக்குள் நடப்பதெல்லாம் தபாலில்தான். இதுவும் அப்படியே இருக்கட்டும்.

செய்தி இது. நம் ஊர்க் கடைவீதி நடைபாதையைச் சீரமைக்கத் திட்டம் போடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. பட்டியலில் சுங்கப்பேட்டை என்ற பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். "என் ஊர். கொல்லிமலை அடிவாரம்." மேலாளர் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நிபந்தனைகள் மூன்று. பழைய கற்களையே திரும்பப் பதிக்க வேண்டும். பழமையான வீதி என்பதற்காகத்தான் அரசு பணம் தருகிறது. செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர்மக்கள் தரவேண்டும். பாதை மேல் ஆக்கிரமிப்பு எதுவும் இருக்கக் கூடாது. டிசம்பர் முடிவதற்குள் விண்ணப்பம் போகவேண்டும்.

1936ஆம் ஆண்டு வரைபடம் ஒன்று கிடைத்தது. சுங்கக்கல் தொடங்கி புளியமரம் வரை ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கட்டம். மொத்தம் 131. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். பெயர் இல்லை. அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

நீ கற்களை எண்ண வேண்டும். உடைந்தது எது, ஆடுவது எது. பாதையை மறிப்பவை என்னென்ன. கடையில் டேப் இருக்கிறது.

இது நடக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை.

வஸ்ஸலாம்.
உமைரா


சுங்கப்பேட்டை
02.07.2024

அன்புள்ள உம்முவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். அத்தா முழங்காலைப் பற்றிய உண்மை: ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது வலிக்கிறது, கடையில் சௌகரியமாகக் கால் நீட்டி உட்கார்ந்து ஆளை ஏவும்போது வலிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணினேன். வீதி காலியாக இருக்கும் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். காலியாக இல்லை. டீக்கடை அப்பாசாமி கையில் கிளாசோடு பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க ஷாஹிஸ்தா, கல்லு ஓடியா போயிரும்? எதுக்கு எண்ணிக்கிட்டு இருக்கறீங்க?"

"ஓடலீங்க. ஆனா உங்க பெஞ்சு நாலு கல்லு மேல ஏறி உக்காந்திருக்குது. அதையும் எழுதிக்கறேன்."

"எழுதுங்க, எழுதுங்க. பெஞ்சுக்கும் ஒரு பேரு வெச்சு எழுதுங்க."

சுங்கக்கல்லிலிருந்து நம் கடை வரை 63. நம் கடையிலிருந்து புளியமரம் வரை 57. உடைந்தவை 17. காலை வைத்தால் ஆடுபவை 9. கல் ஒவ்வொன்றும் குறுக்கே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். கல்லுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் நாலடி மண்பட்டை, மழை பெய்தால் குளம்.

மறிப்பவை: அப்பாசாமி பெஞ்சு. செல்போன் கடைப் பலகை. மருந்துக்கடையின் இரும்புச் சரிவு. சைக்கிள் கடையின் டயர்கள். வியாழக்கிழமை மட்டும் மலையிலிருந்து இறங்கிக் கல்லில் உட்கார்ந்து விற்கும் பெண்கள், முப்பத்தெட்டுப் பேர்.

டேப்பை அத்தா திரும்பக் கேட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. துடைத்து வைத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
ஷாஹிஸ்தா


சென்னை
20.07.2024

அக்காவுக்கு,

ஸலாம். இங்கே சுகம். மழை இல்லை, வெயிலும் சரியாக இல்லை. அத்தா காலுக்கு அந்த எண்ணெயையே போடச் சொல்.

உன் அளவுகள் சுத்தம். மேலாளர், "உங்க அக்காவை வேலைக்கு எடுத்துக்கலாமா" என்றார். இரும்புக் கடை மூடிவிடும் என்றேன்.

படம் இணைத்திருக்கிறேன். கடையில் ஒட்டு. கற்கள் முழுக்க நடப்பதற்கு. மண்பட்டையில் மரங்கள், உட்கார இருக்கை. உன் பட்டியலில் இருக்கும் மறிப்புகள் எல்லாம் அகலும். தரைக் கடைகள் முப்பத்தெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டு பின்னால் தகரக் கொட்டகை.

நேரான கோடு. வரைந்து முடித்ததும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று இடிக்கிறது. பழைய படத்தில் 131. நீ எண்ணியது 120. பதினோரு கல் எங்கே? மறுபடி எண்ணிப் பார்க்கிறாயா?

உமைரா


சுங்கப்பேட்டை
29.08.2024

அன்புள்ள உம்முவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னி. ஆடி முடிந்து கடையில் கூட்டம். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா உனக்கு மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருக்கிறார்.

உன் படத்தை ஒட்டினேன். படத்தில் எல்லோரும் ஒரே உயரம். ஒருவர் தலையிலும் சுமை இல்லை. இது எந்த ஊர் என்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை பாவாயி அக்கா வந்து பார்த்தார். மலைமேல் குண்டனி நாட்டிலிருந்து சாமையும் மிளகும் கொண்டுவருவாரே, அவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண போட்டோ பார்ப்பதுபோல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எங்களையெல்லாம் காணோமே கண்ணு. நாங்க எங்க போனோம்?"

"பஸ் ஸ்டாண்டு பின்னால உங்களுக்கு ஷெட்டு போடறாங்க அக்கா."

"ஷெட்டா? ஆடு கட்டறதுக்கா?"

வீதியே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

உம்மு, நீ பதினெட்டு வயதில் போய்விட்டாய். அதற்கு முன்பும் வியாழக்கிழமை என்றால் உனக்குப் பள்ளிக்கூடம். அதனால் எழுதுகிறேன். மலைப் பெண்கள் எடை போடுவதில்லை, அளக்கிறார்கள். நாலு படி பிடிக்கும் இரும்பு வள்ளத்தை நிரப்பி, கல்லின் மேல் மூன்று தட்டு. தானியம் அடங்கும். குறைந்த இடத்தில் இன்னொரு கை அள்ளிப் போடுவார்கள். மூன்று தட்டு விழாத வள்ளத்தை இங்கே யாரும் வாங்குவதில்லை. தட்டித் தட்டி ஒவ்வொரு கல்லிலும் ஒரு வட்டக் குழி விழுந்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டு வள்ளமும் ஒவ்வொரு காலத்தில் அடித்தது, அடிவளையம் ஒன்றுபோல் இராது. குழியும் ஒன்றுபோல் இராது. அம்மா உட்கார்ந்த கல்லில் மகள். பட்டா இல்லை, ரசீது இல்லை. வள்ளத்தை வைத்தால் எந்தக் கல்லில் ஆடாமல் நிற்கிறதோ அது அவர்கள் கல்.

அவர்களை மறிப்பவர்கள் பட்டியலில் எழுதியது நான்தான். அந்த வரியை அடித்துவிடு.

பாவாயி அக்காவுக்கு மட்டும் கல் இல்லை. நம் கடைக்கு எதிரே, சாக்கடை விளிம்பில் பலகை போட்டு உட்கார்கிறார். பலகையில் தட்டினால் சத்தம் வராது. அதனால் வாங்குகிறவர்கள் நம்பாமல் பார்ப்பார்கள். அவர் நாலு தட்டாகத் தட்டிக் கொடுப்பார்.

பதினோரு கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். பார்க்கிறேன்.

அன்புடன்
ஷாஹிஸ்தா


சென்னை
05.09.2024

அக்காவுக்கு,

ஸலாம். சுகம். மிளகாய்த்தூளை யார் கையிலாவது கொடுத்துவிடு.

அந்த வரியை அடித்துவிட்டேன். படத்தையும் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அளந்த வீதிக்கு நான் திட்டம் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை வீதி வேறு. தவறு உன்னுடையது இல்லை. எண்ணச் சொன்னவள் எந்த நாளில் என்று சொல்லியிருக்க வேண்டும்.

புதுத் திட்டம், படம் இணைத்திருக்கிறேன். கற்கள் உட்காருபவர்களுக்கு. மண்பட்டையை உயர்த்திப் புதுக் கல் பாவுவோம், அது நடப்பவர்களுக்கு. வியாழக்கிழமை யாரும் ரோட்டில் இறங்கிப் பஸ்ஸுக்கு ஒதுங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லின் பக்கவாட்டிலும் எனாமல் பெயிண்டில் எண் போடுவோம். எடுத்த இடத்திலேயே, குழி விழுந்த பக்கமே மேலாக, திரும்ப வைப்போம். விதியாகவே எழுதிவிட்டேன். மேலாளர் ஒப்புக்கொண்டார். முன்னைவிட நல்ல திட்டம் இது.

இனி அந்தப் பதினொன்று.

உன் ஜூலைக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நீ பொய் எழுதவில்லை. சுங்கக்கல்லிலிருந்து 63. பிறகு 57. நடுவில் நம் கடை. 1936 படத்தில் விரலை வைத்து எண்ணினேன். அறுபத்து நான்கிலிருந்து எழுபத்து நான்கு வரை.

நம் கடைப் படி எப்போது கட்டியது?

உமைரா


சென்னை
10.10.2024

அக்காவுக்கு,

ஸலாம். சுகமா?

ஐந்து வாரம். பதில் இல்லை.

நேற்று போன் செய்தேன். நீ எடுத்தாய். "நல்லா இருக்கியா" என்றாய். ஸ்பீக்கரில் அத்தா இருமினார். வைத்துவிட்டோம்.

பேரூராட்சியிலிருந்து தகவல் வந்தது. கடைக்காரர்கள் ஒருவரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஊர்ப்பங்கு வரவில்லையென்றால் விண்ணப்பம் போகாது. பணம் வேறு ஊருக்குப் போய்விடும். கல் உடைந்தபடியே கிடக்கும். பாவாயி அக்கா பலகையிலேயே இருப்பார்.

நீ எதை எழுதினாலும் நான் படிப்பேன்.

உமைரா


சுங்கப்பேட்டை
24.10.2024

அன்புள்ள உம்முவுக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். இது நாலாவது.

போன வாரம் கடைக்காரர்கள் கூட்டம். அத்தாவோடு நானும் போனேன். அப்பாசாமி எழுந்தார். கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"மரியாதைக் குறைவா நெனைக்காதீங்க பாய். எம் பெஞ்சு நாலு கல்லு மேல நிக்குது. நெசந்தான். உங்க படி பதினோரு கல்ல முழுங்கிட்டு நிக்குது. அதை எடுத்தீங்கன்னா எம் பெஞ்சைத் தலைமேல தூக்கிக்கிட்டுப் போறேன். கையெழுத்தும் போடறேன். எல்லாரும் போடுவாங்க."

அத்தா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நேரமாகவில்லை.

1998. உனக்கு ஒரு வயது, எனக்கு எட்டு. ஐப்பசி மழையில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். புதிதாக இறக்கிய கம்பி மொத்தமும் துரு. அத்தா ஆளை வைத்து, கடை முகப்பு முழுவதும் நாலடி வெளியே தள்ளி, கல்லின் மேலேயே படி கட்டினார். மலைப் பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் மாதம்மாள், பாவாயி அக்காவின் அம்மா. அத்தா சொன்னது எனக்குக் கேட்டது. "மழை முடியட்டும் ஆத்தா, எடுத்துடறேன்."

மற்றவர்கள் சொந்தக்காரர்களின் கல்லில் ஒண்டிக்கொண்டார்கள். மாதம்மாள் எதிர்ப்பக்கம் பலகை போட்டார். மழை முடிந்தது. வியாபாரம் நன்றாக இருந்தது. படி இருந்தது. மாதம்மாள் இறந்தபின் அந்தப் பலகைக்குப் பாவாயி அக்கா வந்தார். இருபத்தாறு வருடமாக ஒரு வியாழக்கிழமைகூட அவர் அத்தாவிடம் இதைப் பற்றிப் பேசியதில்லை. "பாய், சில்லறை இருக்குதுங்களா" என்று மட்டும் கேட்பார்.

இதெல்லாம் எழுதுவது கடினமில்லை. இது கடினம். சிமென்ட் இறுகுவதற்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். ஏழு நாளும் பள்ளி விட்டு வந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றியது நான். மாதம்மாள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கொடம் கனமா இருக்குது சாமி, பாதியாக் கொண்டா" என்றார்.

எண்ணும்போது 63க்குப் பிறகு என் கால் தானாகத் தாண்டிப் போயிற்று.

ஷாஹிஸ்தா


குண்டனி நாடு, கொல்லிமலை
10.11.2024

உமைரா அவர்களுக்கு,

வணக்கம். நான் பாவாயியின் மகள் ராதிகா. செம்மேட்டில் நர்ஸிங் உதவியாளராக இருக்கிறேன். நாங்கள் நலம், உங்கள் நலத்துக்கு வேண்டுகிறோம். உங்கள் விலாசத்தை ஷாஹிஸ்தா அக்கா கொடுத்தார்கள். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். திருத்தாமல் எழுது என்கிறார்.

"கண்ணு, சாப்புட்டயா? புதுப் படம் பாத்தேன். இதுல எங்களக் காணுது. எனக்கு இத்தன பெரிய கொண்டை கெடையாது, இருந்தாலும் இருக்கட்டும்.

ஷெட்டு வேண்டாம்னு எழுதுனயாமா, நல்லதாப் போச்சு. நெழலுக்கு ஒரு துண்டு போதும் சாமி. ஆள் நடக்கற எடம் வேணும். ஆள் நடக்காத எடத்துல தங்கமே வித்தாலும் ஈதான் வரும்.

ஊர்ப்பங்கு குடுக்கோணும்னு சொன்னாங்க. கடக்காரங்க யோசன பண்றாங்களாமா. பண்ணட்டும். நாங்க யோசிச்சு முடிச்சாச்சு. ஆலத்தூர் நாட்டுப் பொம்பளைங்க, குண்டனி நாட்டுப் பொம்பளைங்க, முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வள்ளம் மொளகு. தை பொறந்து மொளகு பறிச்சதும் கொண்டாந்து கொட்டிருவோம். மூணு தட்டு தட்டித்தான் குடுப்போம், கொற சொல்ல முடியாது.

பாய் மேல எனக்குக் கோவமில்லன்னு எழுதச் சொல்றா எம் மவ. கோவம் இருக்குது. கோவத்தோடதான் இத்தன வருசம் அவருகிட்டச் சில்லற வாங்கறேன். ரெண்டும் ஒண்ணா இருக்கும் கண்ணு.

எங்கம்மா வள்ளம் எங்கிட்டத்தான் இருக்குது. அதோட அடிச்சுத்து அளவு நூலு ஒண்ணு இதுல வெச்சிருக்கறேன். கல்லத் தூக்கறப்போ எதுல இது பொருந்துதோ அது எங்கம்மா கல்லு. பெயிண்டுல நம்பர் எழுதறயாமா, எழுது. ஆனா நூலையும் பாரு."

இவ்வளவுதான். நூலின் இரண்டு முனையிலும் முடிச்சு இருக்கிறது. முடிச்சிலிருந்து முடிச்சு வரை அளவு.

இப்படிக்கு
ராதிகா


சுங்கப்பேட்டை
06.12.2024

அன்புள்ள உம்முவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். அத்தாவும் சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மிளகுச் செய்தி வீதிக்குத் தெரிந்ததும் கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தினார்கள். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. எல்லோருக்கும் நம் படியில் கண்.

புதன்கிழமை மழை விட்டது. காலை எட்டு மணிக்குக் கடைக்குள் சாத்தியிருந்த கடப்பாரையில் ஒன்றை எடுத்தேன். அத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தா, நான் தண்ணி ஊத்துன படி. நானே எடுக்கறேன்."

அவர் கையில் இருந்த பில் புத்தகத்தை மூடினார். என்னைப் பார்க்கவில்லை, கடப்பாரையைப் பார்த்தார்.

"அதை வையி. புதுசு. விக்கறதுக்கு வெச்சிருக்குது. மூலையில பழசு கெடக்குது பாரு, அதை எடு."

அவ்வளவுதான் அவர் சம்மதம்.

இரண்டு அடி அடித்தேன். சிமென்ட் கேலி செய்தது. நல்ல வேலை, ஏழு நாள் தண்ணீர் குடித்த வேலை. பிறகு கொத்தனார் செங்கோடன் வந்தார். "நகருங்க, பாத்துப் பாத்து ஒடைக்கோணும், கீழ இருக்கற கல்லு விரியக் கூடாது" என்று உளியை எடுத்தார். அப்பாசாமி கேட்காமலே கூடை தூக்கினார். மதியத்துக்குள் வந்து நின்றவர்கள் எல்லோர் கையிலும் ஏதோ ஒரு பாத்திரம் இருந்தது. சாயங்காலம் கற்கள் தெரிந்தன. குழிக்குள் சிமென்ட் பால் இறங்கி வெள்ளையாக இருந்தது. செங்கோடன் ஆணியால் சுரண்டி எடுத்தார்.

பத்து. உம்மு, பத்துதான். எழுபதாம் கல்லின் இடத்தில் கம்பி ஊன்றிக் கான்கிரீட் போட்டிருந்தார்கள்.

மறுநாள் வியாழன். பெண்கள் வள்ளத்தோடு வந்தார்கள். ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தார்கள். பத்துப் பேருக்கும் பொருந்தியது. ஒரு கிழவி வைத்த கையை எடுக்கவே இல்லை. பாவாயி அக்கா எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஆடியது.

"பத்துப் பேருக்குக் கெடச்சுதில்ல கண்ணு" என்று வள்ளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகைக்குப் போனார்.

அத்தா உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதாம் கல் எங்கே என்று நான் கேட்கவில்லை.

கையெழுத்துகள் வந்துவிட்டன, பதினேழு கடையும். அப்பாசாமி உண்மையாகவே பெஞ்சைத் தலையில் தூக்கிக்கொண்டு வீதியை ஒரு சுற்றுச் சுற்றினார். விண்ணப்பத்தை அனுப்பு.

அன்புடன்
ஷாஹிஸ்தா


சென்னை
12.12.2024

அக்காவுக்கு,

ஸலாம். விண்ணப்பம் போய்விட்டது. குறையில்லாத விண்ணப்பம். கிடைக்கும்.

பாவாயி அக்காவின் நூல் ஒரு மாதமாக என் மேசையில் கிடக்கிறது. இன்று வேலையில்லாமல் அதை வட்டமாக வைத்தேன். முடிச்சோடு முடிச்சு சேர்த்து.

எனக்கு அந்த வட்டம் தெரியும்.

உள்ளங்கைக்குத் தெரியும். ஈரமாக, வழவழவென்று. ஆறு வயதில் நான் அதில் விரலைச் சுற்றிக்கொண்டிருப்பேன், நீ கத்துவாய். சோப்பை அங்கே வைத்தால் வழுக்கிப் போகாது. அதனால் அதற்கு நாம் சோப்புக் குழி என்று பெயர் வைத்திருந்தோம்.

அக்கா, கொல்லைக்குப் போ. துணி துவைக்கிற கல். நூலை இதோடு அனுப்புகிறேன்.

உமைரா


சுங்கப்பேட்டை
17.12.2024

உம்மு,

பொருந்துகிறது.

நூலை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். பின்னால் அத்தா வந்து நின்றார். அவராகச் சொன்னார்.

"கம்பி ஊன ஒரு கல்லை எடுத்தாகணும்னாங்க. நல்ல கல்லு. தெருவுல போட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு ஊட்டுக்குக் கொண்டாந்தேன். மழை முடிஞ்சதும் குடுத்துரலாம்னு."

"ஏனத்தா குடுக்கல?"

"மொத வாரம் உங்கம்மா துணி தொவச்சா. அப்புறம் அது தொவைக்கற கல்லாயிருச்சு."

அன்று மாலையே நாலு ஆளை வைத்துத் தூக்கினோம். வண்டியில் அத்தாவும் ஏறிக்கொண்டார், முழங்காலோடு. கல் இப்போது கடைக்குள், கல்லாவுக்குப் பக்கத்தில், எனாமல் பெயிண்டில் 70 என்று எழுதி நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷாஹி


சுங்கப்பேட்டை
11.07.2025

அன்புள்ள உம்முவுக்கு,

ஸலாம். இங்கே யாவரும் சுகம். அம்மாவுக்குப் புதுத் துவைகல் வாங்கிக் கொடுத்தோம். "துணி வழுக்குது, சோப்பு வெக்க எடமில்ல" என்று தினமும் ஒரு புகார். அது நன்றாக இருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

நீ வந்து பார்க்க ஆடிக்குப் பின்தான் லீவு கிடைக்கும் என்றாய். அதுவரை இந்தக் காகிதம். நூற்று முப்பத்தொரு கல்லும் பதித்தாகிவிட்டது. உடைந்தவற்றைச் செங்கோடன் இரும்புப் பட்டை கொடுத்து ஒட்டியிருக்கிறார், நாள்பட நிற்கும் என்கிறார். மண்பட்டை உயர்ந்து நடைபாதையாகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு வரிசையாக அதன் மேல் போகிறார்கள். நம் கடைக்கு இப்போது முகப்பு நாலடி உள்ளே. தண்ணீர் வராமல் இருக்க வாசலில் பலகை அடைப்பு போட்டிருக்கிறது, மழை வந்தால் இறக்கிக்கொள்ளலாம். இருபத்தாறு வருடத்துக்கு முன்பும் அந்தப் பலகை போட்டிருக்கலாம். அத்தாவிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

நேற்று வியாழன். வேலை முடிந்தபின் முதல் சந்தை. ஆறு மணி பஸ்ஸில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அத்தா மஞ்சள் பையோடு வெளியே நின்றார். ஏழு மணிக்கு முன்னால் அவரை நான் வீதியில் பார்த்ததில்லை.

பாவாயி அக்கா கூடையை இறக்கினார். உட்காரவில்லை. முதலில் குனிந்து எழுபதாம் கல்லை முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு வாசம் அடிக்குதுங்க பாய்."

"ஒரு மழை பெஞ்சா போயிரும்மா."

"போன தடவையும் மழையத்தான் சொன்னீங்க."

அப்பாசாமியின் பாய்லர் மட்டும் இரைந்தது. பிறகு பக்கத்துக் கல் கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிலிருந்து வரிசை முழுக்கப் பரவியது, சுங்கக்கல் வரைக்கும். அத்தாவும் சிரித்தார். கண்ணைத் துடைத்தார், சிரிப்பில்தான் என்று வைத்துக்கொள்.

"சாமை எப்படிம்மா?"

"உங்களுக்கு ஒரு வெலை, ஊருக்கு ஒரு வெலை எல்லாம் இல்லீங்க பாய். பையப் புடிங்க."

பாவாயி அக்கா உட்கார்ந்தார். வள்ளத்தை நிரப்பினார். குழியில் ஒரு தட்டு. இரண்டு. மூன்று. கல்லின் சத்தம், உம்மு. பலகைச் சத்தம் இல்லை. குறைந்த இடத்தில் ஒரு கை அள்ளிப் போட்டார். கையை எடுத்தார்.

வள்ளம் ஆடாமல் நின்றது.

அத்தா பையை விரித்துப் பிடித்தார்.

உன்
ஷாஹி அக்கா